வாசலில் பார்

ஜெல் போத்தல் குறிகட்டுவான் துறையிலேயே தங்கிவிட்டது.
என் பையோடு நெடுந்தீவு வந்ததாய் நினைத்திருந்தேன்.
மிஸ்ஸி புஷ்பராணி ஒன்றும் சொல்லவில்லை.
கூவைமா இரண்டு கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு,
பச்சைத் தண்ணியில் கரைத்துக் காய்ச்சி
ஆறட்டும் என்று யன்னலில் வைத்தாள்.
நாயொன்று வந்து மோந்து பார்த்தது.

றெஜினாவுக்கு எட்டாம் மாதம்.
கஞ்சி பட்டதும் சிரித்தாள், கூசுதாம்.
கைக்குள் அடங்கும் கருவி; அதன் வயர்
என் பழைய கைபேசிக்குள் போகிறது.
கரண்ட் இல்லை. பற்றரி பதினெட்டு வீதம்.

சாம்பல் திரையை
அவள் புருஷன் நேவிஸ் எட்டிப் பார்த்தான்,
முழங்கையில் மீன்செதில் காயாமல்.
"எங்கட போட்டில இருக்கிற பெட்டிதானே இது, டொக்டர்?
அடியைத் தட்டிப்போட்டுத் திரும்பி வாற சத்தம்."
ஓம், என்றேன். அதேதான். காதுக்கு எட்டாதது.

நான் சொல்லத் தேடிக்கொண்டிருக்கையில்
விரலால் திரையின் கீழே தொட்டான்:
"வாய்க்காலின்ர வாயில பார் கிடக்கு.
பிள்ளை அதுக்கு மேல நிக்குது.
வெளிய வர ஏலாது, என்ன?"

ஐந்து வருடம் படித்தேன்.
நஞ்சுக்கொடி கீழிறங்கி வழி மறிப்பதற்கு
இவ்வளவு சரியான சொல்லை யாரும் எனக்குத் தரவில்லை.

சோளகம் எழும்ப ஆறு நாள்.
யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி,
வெட்டித்தான் எடுக்கவேணும் என்கிறேன்.
ஆடுகளை ஆர் பாக்கிறது, கேட்கிறாள் றெஜினா.

நேவிஸ் இறங்கிப் போய்
எஞ்சினை இழுத்துப் பார்க்கிறான்.
ஒருக்கா. பிறகும் ஒருக்கா.
அவள் வயிற்றில் கஞ்சி காய்ந்து
வெள்ளையாய்ச் செதில்விடுகிறது.