முன்னேற்றத்துக்கான காரணம்

வலயப் பணிமனைப் படிவத்தின்
கடைசிக் கட்டம் அது.
நாலு விரல் அகலம் இருக்கும்.

தரம் ஒன்பது, கணிதம்.
முதலாம் தவணைச் சராசரி முப்பத்தொன்று.
மூன்றாம் தவணை நாற்பது.
"ஒன்பது ஏறியிருக்கே டீச்சர்!"
சந்திரமோகன் சேருக்கு முகமெல்லாம் பல்.
"மேலதிக வகுப்புன்னு போடுங்க.
ஸ்மார்ட் போர்டுன்னும் போடலாம்.
பெட்டி பிரிக்கலைதான்,
வந்துருச்சுதானே."

இந்த வருடம் நிறைய வந்தது.
மே மழையில் பள்ளிக்குப் பின்னால் மேடு வெடித்தது.
கட்டட ஆராய்ச்சிக்காரர்கள் வந்து
வெடிப்புக்குள் அடிமட்டம் விட்டுப் பார்த்துவிட்டு
சுவரில் சிவப்பு மையால்
ஒரு பெருக்கல் குறி போட்டார்கள்.
மேசை கதிரைகளைத் தலையில் வைத்து
மூடிக்கிடந்த தொழிற்சாலையின்
கொழுந்து வாட்டும் மாடிக்கு ஏறினோம்.
ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவே சாக்குத் திரை.
இந்தப் பக்கம் நான் கேட்கும் கேள்விக்கு
அந்தப் பக்கமிருந்து விடை வரும்,
பெரும்பாலும் பிழையாக,
சில நாள் சரியாக.
கொப்பிகளைத் திருத்த வீட்டுக்குக் கொண்டுபோனால்
பையெல்லாம் பழைய தேயிலைத் தூள்.

அதே மாதம் கம்பனி
நாட்பேரை நிறுத்தி
மலையைத் துண்டு போட்டுக் கொடுத்தது.
குடும்பத்துக்கு ஆயிரத்தைந்நூறு செடி.
செடி யார் பேரில் என்பது பெரியவர்கள் பாடு;
திங்கட்கிழமை வரவுப் பதிவேட்டில்
கொழுந்து கிள்ளிய மாதிரி
அங்கங்கே பேர் இல்லை.

இரவு பதினொன்று.
படிவத்தின் பின்பக்கம் பென்சிலால் போட்டுப் பார்த்தேன்.
முதல் தவணையில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள்.
இப்போது இருபத்தேழு.
விதுசன் வத்தளையில், ஹார்ட்வெயார் கடையில்.
ரொபின்ராஜ் பேக்கரியில், எந்த ஊர் என்று தெரியாது.
மெடோனா ஒரு வீட்டில் குழந்தை பார்க்கிறாள்,
அவளே ஒரு குழந்தை.
இப்படிப் பதினொரு பேர்.
பதினொருவருக்கும் சேர்த்து அன்றைய புள்ளி
நூற்று ஐம்பத்து நான்கு.
அதைக் கழித்தால்,
மிச்சமிருப்பவர்கள் ஒரு புள்ளிகூடக் கூடாமல்
சும்மா உட்கார்ந்திருந்தாலே
முப்பத்தெட்டு வந்துவிடுகிறது.

ஏறியது ஒன்பது.
அதில் ஏழு, போனவர்கள் விட்டுப்போனது.
இரண்டுதான் எங்களுடையது.
தலைக்கு இரண்டு,
இருபத்தேழு பேருக்கும் கூட்டினால் ஐம்பத்தாறு.
அந்த ஐம்பத்தாறில் இருபத்தைந்து
கிருஷாலினி என்ற ஒருத்தியுடையது.

ஒன்பதிலிருந்து முப்பத்துநான்குக்கு வந்தாள்.
முப்பத்தைந்து என்றால் சித்தி.
முப்பத்துநான்குக்கு டபிள்யூ,
ஒன்பதுக்கும் அதே டபிள்யூ.
விடைத்தாளை மூன்று தரம் புரட்டினேன்,
எங்காவது ஒரு அரைப் புள்ளியும்
இன்னொரு அரைப் புள்ளியும்
ஒளிந்திருக்குமா என்று.
இல்லை. ஒழுங்காகத்தான் திருத்தியிருக்கிறேன்,
பாவி.

தாளைக் கொடுத்தபோது
அவள் புள்ளியைப் பார்க்கவில்லை.
"ஆறாங் கணக்குல எங்க டீச்சர் விட்டேன்?" என்றாள்.
அடைப்பை நீக்கும்போது கழித்தலை மாற்றவில்லை.
"அட!" என்று
தன் நெற்றியில் தானே ஒன்று போட்டுக்கொண்டாள்.
அந்த 'அட'வை எழுத
வலயத்தின் படிவத்தில் கட்டம் கிடையாது.

விடியுமுன் பென்சிலாலேயே நிரப்பினேன்:
'பதினொரு மாணவர் விலகியமை.'
அழிக்கட்டும், அவர் இஷ்டம்.

சேர் மஸ்கெலியா பஸ்ஸுக்குக் குடையோடு நின்றிருந்தார்.
வாங்கி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.
மேலதிக வகுப்பு எங்கே என்று கேட்பார் என நின்றேன்.
சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து
என் பென்சில் எழுத்தின் மேலேயே
மையால் எழுதத் தொடங்கியவர்
முதல் சொல்லிலேயே நின்றார்.

"பதினொண்ணு இல்ல டீச்சர், பன்னிரண்டு.
நிரோஜனோட அப்பா
காலையில விலகல் பத்திரம் கேட்டு வந்தாரு."

நிரோஜன். பதினான்கு புள்ளி.
பஸ் வளைவில் ஹோர்ன் அடிக்கிறது.
வேண்டாம் என்றாலும்
மனசு கணக்கைப் போட்டு முடிக்கிறது:
சராசரி நாற்பத்தொன்று.