திப்பி

அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கம் கடை.
ஒரு டம்ளருக்கு நாலு சாத்துக்குடி.
நாலையும் உரித்துத் தின்ன
கால் மணி நேரமாவது ஆகும்;
குடிக்க, பஸ் ஹாரன் அடிக்கும் நேரம் போதும்.

"திப்பி இல்லாமக் குடுப்பா" என்பார்கள்.
பதினோரு வருஷமாய் அதுதான் என் கைப்பக்குவம்.
வடிகட்டியில் நிற்பதைத் தட்டித் தட்டி
நீல வாளியில் போடுவேன்.

ராத்திரி பத்துக்கு மாதேஸ் வருவான்.
வாளியை வண்டியில் கட்டிக்கொண்டு
கன்னங்குறிச்சிக்குப் போவான்.
அவன் மாடு சாணி போடும் அழகை
ஒருநாள் ஃபோனில் எடுத்துவந்து காட்டினான்.
நான் முகம் சுளிக்கவில்லை.
எனக்கு அன்றோடு மூன்று நாள்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டரம்மா
என்ன தொழில் என்று கேட்டுவிட்டுச்
சிரிப்பை அடக்கினார்.
"பழமாச் சாப்பிடுங்க. ஜூஸ் வேண்டாம்."

இன்று ஏற்காட்டு பஸ்ஸில் வந்த பெட்டியைப் பிரித்து
ஒரு கமலா ஆரஞ்சு எடுத்தேன்.
தோல் தொளதொளவென்று கழன்றது.
சுளைமேல் வெள்ளை நூல், உள்ளே கொட்டை,
பல்லிடுக்கில் நார்.
மெல்ல மெல்ல
தாடை வலித்தது.

டம்ளருக்குக் காத்து நின்றவர் கேட்டார்:
"என்னண்ணே, மிக்ஸி ரிப்பேரா?"