எவ்வளவு வேகமாகக் குடிக்கும்

கடலே இல்லாத நாட்டில்
கப்பல் பெட்டிக்குள் என் கடை.
ஹோவ்த் சந்தை, நாலாம் வரிசை.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
உள்ளே நிலக்கரி அடுப்பு,
உப்புப் போட்ட பால் தேநீர்,
சுவர் நிறைய கேபிள், சார்ஜர், போன் உறை.

கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றியபடி
துல்மா உள்ளே வந்தாள்.
"பவர் பேங்க் வேணும். நல்லதா."

நல்லது என்றால் பெரியது.
பன்னிரண்டு வருட வியாபாரத்தில் நான் கற்றது அது.
கறுப்பு நிறத்தில், செங்கல் கனத்தில் இருந்ததை
எடுத்து நீட்டினேன்.
இருபதாயிரம் மில்லி ஆம்பியர், அறுபதாயிரம் துக்ரிக்,
மின்னல் வேகம்.
பெட்டியின் மேல் மின்னல் படமும் இருந்தது.

"இருபதாயிரமும் போனுக்கு வருமா?"

பொய் சொல்லலாம்தான்.
தேநீர் குடிக்கிறவளிடம் ஏனோ வரவில்லை.
"பதிமூணு தேறும். மிச்சம் சூடாப் போயிடும்."

"அப்ப ஆடு மாதிரிதான்" என்றாள்.
"உயிரோட அறுபது கிலோ,
தோலும் குடலும் போனா முப்பது.
அது தப்பில்ல. தெரிஞ்சு வாங்கணும், அவ்வளவுதான்."

பிறகு கேட்டாள்,
யாருமே கேட்காததை:
"எவ்வளவு வேகமாக் குடுக்கும்னு சொல்றே.
எவ்வளவு வேகமாக் குடிக்கும்?"

மலை இடுக்கில் அவள் கூடாரம்.
டிசம்பரில் நாலு மணி நேரந்தான் வெயில்.
கூரைமேல் ஒரு சோலார் பலகை.
அந்த நாலு மணிக்குள் நிரம்பாதது
நிரம்பாததுதான்.

கண்ணாடி போட்டுக்கொண்டு
பெட்டியின் அடியில் எறும்பெழுத்தை வாசித்தேன்.
உள்ளே போவது பத்து வாட்.
ஒரு பகல் முழுக்க வேண்டும்,
ஜூன் மாதத்துப் பகல்.

அவள் கறுப்பைக் கையில் வாங்கினாள்.
ஆட்டின் வாலில் கொழுப்புப் பார்க்கிற விரல்கள்.
காதருகே வைத்து ஆட்டினாள், ஒருமுறை, மறுமுறை.
"விக்கிறதுக்கு முந்தி
தண்ணி காட்டின ஆடு இது.
எடை இருக்கு. சதை இல்ல."
வைத்துவிட்டாள்.

வெள்ளையாய் மெலிந்த ஒன்று
மூலையில் தூசி படிந்து கிடந்தது.
பத்தாயிரம்தான். விலையோ ஏறக்குறைய இரட்டிப்பு.
குடிப்பதும் முப்பது வாட், கொடுப்பதும் முப்பது.
அதைப் போனில் சொருகி
இன்னொரு கிண்ணம் தேநீர் கேட்டாள்.
கிண்ணம் காலியாகும்போது
பதினொன்று சதவீதம் முப்பத்தி நாலாகியிருந்தது.

பணம் எண்ணும்போது சொன்னாள்,
நோட்டைப் பார்த்தே:
ஏப்ரல் பனிப்புயல். குட்டி போட முடியாமல் குதிரை.
சிக்னல் கிடைப்பது முகட்டில் மட்டும்.
ஏறிப்போய்க் கால்நடை டாக்டரைப் பிடித்தாளாம்.
"உள்ள கைய விடு, முன்னங்கால் மடங்கியிருக்கும்,
அதை முதல்ல—"
குளிரில் போன் செத்துப்போனது.

முதலில் என்ன?
தள்ளுவதா, இழுப்பதா?
முகட்டிலிருந்து இறங்கும் வழியெல்லாம்
அதையே யோசித்தாளாம்.

குட்டி பிழைத்ததா என்று நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.
மேலங்கியைத் திறந்து
அக்குள் ஓரமாய் வெள்ளையை வைத்து
இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டினாள்.
கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

கடை மூடியதும் கறுப்பைத் திறந்தேன்,
ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல், காய்கறிக் கத்தியால்.
ஒரே ஒரு செல்.
பக்கத்தில் பிளாஸ்டிக் பையில், நன்றாக ஒட்டி,
மணல்.

கோபியில் இல்லாத மணலா?
எங்கிருந்தோ விலை கொடுத்து
இறக்கியிருக்கிறேன்.

இந்தக் குளிர்காலத்தில் ஏழு விற்றிருக்கிறேன்.
விலை குறித்திருக்கிறேன், தேதி குறித்திருக்கிறேன்.
எந்தெந்த முகட்டுக்குப் போயின என்று
குறித்துவைக்கவில்லை.