நிகர எடை

வேலந்தாவளம் எடைமேடையில்
எனக்கு இரவுப் பணி.
பத்து மணிக்கு மேல் தேங்காய் வண்டிகள்,
இரண்டரைக்குத் தக்காளி.
நடுவில் கிடைப்பதுதான் என் படிப்பு நேரம்.

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு.
ஆறாவது மாதிரித் தாள்,
நூற்றுக்கு அறுபத்தெட்டு.
ஐந்தாவதும் அறுபத்தெட்டு.
நான்காவது அறுபத்தேழு.
தவறிய ஒவ்வொன்றுக்கும்
சரியான விடையைப் பச்சை மையில்
எழுதி எழுதி வைத்தேன்.
நோட்டு நாற்றங்கால் போலப் பசேலென்று இருந்தது.
பிடுங்கி நட ஒன்றும் தேறவில்லை.

அன்றைக்கு வைக்கோல் லாரி.
"எத்ரயாயி சேச்சி?" என்றான் சசீந்திரன்.
தூக்கக் கலக்கத்தில்
திரையில் இருந்ததை அப்படியே சொன்னேன்.
சிரித்தான்.
"அதில் என்டெ வண்டியும் உண்டல்லோ!"

அவன் பாலக்காட்டுப் பக்கம் போன பிறகு
சிவப்பு வட்டம் போட்டவற்றை விட்டுவிட்டு
முதல் முறையாக
'சரி' போட்டவற்றைப் பார்த்தேன்.
ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்துக் கேட்டேன்:
நீ எனக்குத் தெரிந்து வந்தாயா,
தெரியாமல் வந்தாயா?
பத்தொன்பது பேர்
சாட்பூட்த்ரீ போட்டு வந்தவர்கள்.

எடைச் சீட்டு ஒன்றைக் கிழித்து எழுதினேன்.
மொத்தம் 68
காலி வண்டி 19
நிகரம் 49
பார்க்கக் கூச்சமாக இருந்தது.
மடித்துப் பர்ஸில் வைத்தேன்,
அம்மா கண்ணில் படக்கூடாது.

பிறகு அந்த முப்பத்திரண்டு.
விடையை எழுதவில்லை இந்த முறை.
அந்த நிமிடத்தில் என்ன நினைத்தேன் என்று எழுதினேன்.

பன்னிரண்டு: 'பொருந்தாதது எது' என்று கேட்டிருக்கிறான்.
பொருந்தியதைக் கண்ட சந்தோஷத்தில்
அதையே குறித்துவிட்டேன்.

ஐம்பத்தேழு: முதலில் சரியாகத்தான் போட்டிருக்கிறேன்.
கடைசி ஐந்து நிமிடத்தில் அழித்து மாற்றியிருக்கிறேன்.
ரப்பர் தேய்த்த இடம் இன்னும் அழுக்காக இருக்கிறது.
காரணம் என்று எழுதப் போய்
பேனாவை மூடிவிட்டேன்.

முப்பத்தொன்று: ரயில் பாலத்தைக் கடக்கிறது.
பாலத்தின் நீளத்தைக் கூட்டவில்லை.
பழைய தாள்களைப் புரட்டினால்
நான்கில் பிளாட்பாரம், இரண்டில் சுரங்கம்.
மூன்று ரயில்களையும்
ஒரே இடத்தில் கவிழ்த்திருக்கிறேன்.

உண்மையிலேயே பாடம் தெரியாமல் போனவை
எண்ணிப் பார்த்தால் ஆறு.
இந்த ஆறுக்காகவா
மூன்று மாதமாகப் புத்தகத்தை
முதல் பக்கத்திலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தேன்?

ஒரு தேங்காய் வண்டி வந்தது.
புது டிரைவர், அவசரக்காரன்.
முன்சக்கரம் ஏறியதுமே
"போட்டாச்சா? போட்டாச்சா?" என்றான்.
ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினேன்:
"பின்சக்கரம் ஏறட்டுங்கண்ணா!
வால் இன்னும் மண்ணுலதான் நிக்குது!"

கத்திவிட்டு அப்படியே நின்றேன்.
ஒரு ராத்திரிக்கு நாற்பது தடவை சொல்கிறேன் இதை.
எஞ்சின் தாண்டினால் போதாது,
கடைசிப் பெட்டியும் பாலத்தை விட்டு இறங்க வேண்டும்.
நாலு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்கிறேன்,
தாளில் மட்டும்
எனக்குச் சொல்ல ஆளில்லை.

இரண்டு நாள் கழித்து
விடையை ஸ்கேலால் மறைத்துக்கொண்டு
முப்பத்தொன்றைத் திரும்பப் போட்டேன். வந்தது.
பன்னிரண்டும் வந்தது.
'அல்ல', 'தவிர', 'பொருந்தாதது',
இவற்றுக்குக் கீழே கோடிழுக்கப் பழகினேன்.
ஆறு பாடத்தில் நாலைப் படித்தேன்.
தடையாணை மட்டும் மூன்று முறை படித்தும்
மண்டையில் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏழாவது தாள்.
அறுபத்தாறு.
கண்ணை மூடிப் போட்டவை நான்கு.
ஒன்றை மறுபடியும் ரப்பரால் அழித்து மாற்றியிருந்தேன்,
அந்தக் கை இன்னும் சொன்ன பேச்சு கேட்கவில்லை.

சசீந்திரனிடம் சொன்னேன்,
வேறு யாரிடம் சொல்வது?
"குறஞ்ஞு போயல்லோ சேச்சி!" என்றான்
நிஜமான வருத்தத்தோடு.

நிகரம் என்று ஆரம்பித்து
நடுவில் நிறுத்திவிட்டேன்.
அவன் பின்னால் இரண்டு தக்காளி வண்டிகள்
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.