இருபத்தேழாம் தேதி

நள்ளிரவிலும் வெயில் காயும் ஜூன் மாதத்தில்
ட்ரோம்சோவின் இந்தக் கடைக்குள்
வெறும் செருப்போடு நின்றுதான்
டிசம்பருக்கான குள்ளர்களைத் தேர்ந்தெடுத்தேன்.
பிரதிநிதி கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே
கம்பளித் தொப்பிகளின் படங்களைப் புரட்டினான்.
நான்கு பொம்மைகள்.
மூன்றுக்கு மூன்று வியாழக்கிழமைகள்.
"மொத்தமாய் விட்டால் ஒருமுறைதான் வருவார்கள், சோல்வி"
என்றான்
தூண்டிலில் புழு கோக்கிறவனின் நிதானத்தோடு.
நான்காவதற்கு டிசம்பர் இருபத்தேழு.
பரிசாய் வந்த பணம்
பைக்குள் இன்னும் சூடாயிருக்கும் நாள் அது.

நவம்பர் கடைசியில் சூரியன் போனது.
யாரும் வழியனுப்பப் போகவில்லை,
விளக்கு வாங்கத்தான் வந்தார்கள்.
முதல் பெட்டிகளும் வந்தன,
தேதிக்கு முன் பிரிக்காதே என்று
சிவப்பு நாடா சுற்றி.
தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்குப் பின்னால்
மறைத்துவைத்தேன்.

பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற ஆர்ன்லியோட்
தினமும் நான்கு மணிக்கு வருவான்,
டீசல் வாடை அவனுக்கு முன்னால் வரும்.
"வந்தாச்சா?"
"இல்லை."
எனக்குப் பொய் சொல்ல முகம் வராது,
அதனால் கத்தரிக்கோலைத் தேடுவதுபோல் குனிந்துகொள்வேன்.

அக்கார்டியன்காரன், பிடில்காரன், மத்தளக்காரன்.
வியாழனுக்கு ஒருவராய் வாங்கிப் போய்
வண்டியின் முன்கண்ணாடி ஓரம் நிறுத்திவைத்தான்.
பெட்டியைப் பிரித்தால் விலை போய்விடும் என்பார்கள்
மற்ற சேகரிப்பாளர்கள்.
இவன் சொன்னான்:
"பிரித்தால் குளிரும்."

இருபத்திரண்டாம் தேதி இரவு
மலைப்பாதையை மூடிவிட்டார்கள்.
விடியாத விடியற்காலையில்
ஆரஞ்சு விளக்கு சுழல அவன் முன்னே போக
பதினொரு வண்டிகள்
வால் பிடித்த பிள்ளைகள்போல் பின்னே ஊர்ந்தன.
ஏழாவது லாரியில் என் பெட்டிகள் இருந்தன.
அவனுக்குத் தெரியாது.
எனக்கே ரசீதைப் பார்த்த பிறகுதான்.

மறுநாள் பண்டிகைக்கு முந்தின நாள்,
கடை மதியம்வரைதான்.
கண்ணெல்லாம் சிவந்து வந்து நின்றான்.
முதல்முறையாக அவன் கேட்கவில்லை,
முதல்முறையாக நான் மறைக்கவுமில்லை.
பட்டைக்கோட்டை இயந்திரத்தில் காட்டினேன்.
தேதி ஆகவில்லை என்றது.
துடைத்துக் காட்டினேன். தேதி ஆகவில்லை.
"காசை வைத்துவிட்டுப் போ,
இருபத்தேழில் நான் போட்டுக்கொள்கிறேன்."

பெட்டியைக் காதருகே தூக்கி
மெல்ல ஆட்டிப் பார்த்தான்.
உள்ளே நான்காமவன்,
வாத்தியம் எதுவும் இல்லாதவன்,
தலையணையைக் கட்டிக்கொண்டு
வாய் பிளந்து தூங்குகிறவன்.

"பாவம், எழுப்ப வேண்டாம்"
என்று மேசையிலேயே வைத்தான்.
இரண்டு பேட்டரி மட்டும் வாங்கிக்கொண்டு போனான்.

இருபத்தேழு.
திறக்குமுன் ஒன்பது பேர் வரிசையில்.
மதியத்துக்குள் எல்லாம் தீர்ந்தது,
இயந்திரத்துக்குப் பின்னால் இருந்த ஒன்றைத் தவிர.
தொலைபேசியில் ஒருத்தி இரண்டு மடங்கு தருவதாகச் சொன்னாள்.
கத்தரிக்கோலைத் தேடினேன்.

இருபத்தெட்டு. வரவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி நான்கு மணிக்கு வந்தான்,
ஒருபக்க முடி நசுங்கி,
கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு.
"இன்றைக்கு என்ன தேதி?"
சொன்னேன்.
அப்படியா என்று கொட்டாவி விட்டான்.
இயந்திரம் ஒரே ஒரு கீச்சொலியோடு
ஒப்புக்கொண்டது.

அவன் போனபின் பிரதிநிதியின் கடிதத்தைப் பிரித்தேன்.
அடுத்தது முட்டையிலிருந்து எட்டிப்பார்க்கும் குஞ்சுகளாம்,
முதல் குஞ்சுக்கு ஜனவரி மூன்றாம் வாரம்.
சூரியன் திரும்பி வருவதையும்
கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

எத்தனை வேண்டும் என்ற கட்டத்தில்
இருபது என்று எழுதினேன்.
கொஞ்சம் யோசித்து
சுழியை அடித்து
ஒன்றாக்கினேன்.