நாற்பத்தேழாவது கைபேசி

ஒரு செவ்வாய்க்கிழமை பூயாவில் வலை போனது.
மழையில்லை, மின்வெட்டில்லை.
எரிமலையும் அன்று சும்மாதான் நின்றது.
தலைநகரில் யாரோ
தேநீர் ஆறுவதற்குள் ஓர் அழைப்பு விடுத்தார்,
அவ்வளவுதான்.
ஊர்வாயை மூட உலைமூடி இல்லையென்று
யார் சொன்னது?
மூடினார்கள். ஆவிகூட வரவில்லை.

என்னிடம் ஒரு மோட்டார் சைக்கிள்,
கருவாட்டு வாடை போகாத ஒரு பை.
முங்கோ ஆற்றைத் தாண்டினால் அடுத்த மாகாணம்;
அதே காற்று,
ஆனால் காற்றுக்குள் ஆள் நடமாட்டம்.

கைபேசிக்கு இருநூறு பிராங்க்.
எழுதி வைத்துத் தருவார்கள்:
சிமென்ட் விலை, கல்லூரி விண்ணப்பம்,
லிமுங்கா தன் கணவனுக்கு எழுதிய
நான்கு பக்க வசவு.
ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்திரியில் பெயர்,
பெயருக்குக் கீழே கடவுச்சொல்.
கடவுளிடம் சொல்லாததையும்
என் கையில் கொடுத்தார்கள்.

பாலத்தில் பாதி தாண்டியதும் பைக்கு உயிர் வரும்.
நாற்பத்தேழும் ஒன்றாக
என் விலாவில் துடிக்கும்,
கோணியில் கட்டிய கோழிகள்போல.
"உள்ளே என்ன?" என்றான் சாவடிச் சிப்பாய்.
"ஊர்" என்றேன்.
சிரித்தான்.
ஐந்நூறு வாங்கிக்கொண்டுதான் விட்டான்.

டயர் கடை மோலுவாவின் கைபேசியை
நான் படித்திருக்கக் கூடாது.
துவாலாவில் இருக்கும் மகனுக்கு ஒரே வரி:
'அவன் கடனைக் கட்டமாட்டான்,
வண்டியை எடுத்துவிடு.'
அவன் என்றால் நான்.

நாற்பத்தாறை அனுப்பிவிட்டு
அதை மட்டும் விமானப் பயன்முறையில் வைத்தேன்.
விமானமே ஏறாத விரல்.
ஒரு தொடுதல்,
வலிக்கவே இல்லை.
வழியில் வாங்கிய தேநீர்
இன்னும் சூடாக இருந்தது.
அதை ஏனோ குடிக்க முடியவில்லை.

"போயிற்றா?" என்றார் மோலுவா.
"போயிற்று."
கூடவே இரண்டு அவித்த சோளம் தந்தார்,
வழிக்கு.

நான்காம் நாள் இரவு வலை திரும்பியது.
அதையும் யாரும் எங்களைக் கேட்டுச் செய்யவில்லை.
தெருவெல்லாம் ஹாரன், கூச்சல்,
யாரோ வானத்தை நோக்கிப் பாத்திரம் தட்டினார்கள்.
அந்தச் சத்தத்துக்குள்
காத்துக் கிடந்த அந்த ஒரு வரி
என்னைக் கேட்காமல், எவரையும் கேட்காமல்,
தானாக ஆற்றைக் கடந்தது.

காலையில் வந்தார்கள்.
சாவியைக் கொடுத்தேன்.
பையை மட்டும் வைத்துக்கொண்டேன்.