மூன்று முறை செத்தவன்

தோல் அங்கிக்கு வயதாக்குவது என் வேலை.
உப்புத்தாள், ஆறிய காபி,
கொஞ்சம் என்ஜின் எண்ணெய்.
ஒரு பகலில் பதினைந்து வருடம் ஏறிவிடும்.

பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு வெளியே
எண்ணெய்க் கிணறுகள் தலையாட்டும் வெட்டவெளி.
ஏழாவது சீசன், இதோடு சரி.
கொன்று கொன்று
கதை எழுதுகிறவர்களுக்கு ஆள் தீர்ந்துவிட்டது.

ஹார்லன் பெட்ச் மூன்று முறை செத்தவன்.
இரண்டாவது சீசனில் தாடியோடு, மதுக்கடை வாசலில்.
நான்காவதில் தாடியில்லாமல், எதிர்க் கூட்டத்து ஆளாக.
ஆறாவதில் முகமே இல்லை,
எரிந்த வேனுக்கு வெளியே நீட்டியிருந்த
பூட்ஸ் மட்டும்தான் அவன்.
பார்த்தவர் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நிஜத்திலும் ஓட்டியவன்தான்.
எந்தக் கூட்டம் என்று சொல்லமாட்டான்.
தோளில் பச்சை குத்தியிருந்த இடம்
இஸ்திரிப்பெட்டி வைத்ததுபோல் வழுவழுவென்றிருக்கும்.
நான் கேட்டதில்லை.

இன்று நாலாவது சாவுக்கு
அங்கியில் துளை போட்டுக்கொண்டிருந்தேன்.
"மரிசெலா, அதைத் தைத்துவிடேன்."
சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை.

யாரிடம் போய்ப் பேசினானோ.
வெளிச்சம் போவதற்குள்
நாயகன் சாகிற காட்சி.
மூன்று கேமராவும் அந்த ஒரு முகத்தில்.
பின்னால், கலங்கலாக,
கட்டைவிரல் நகமளவு ஒரு வண்டி
மலைப்பக்கம் போகிறது.

'கட்' சொன்னார்கள்.
செத்தவன் எழுந்து தண்ணீர் கேட்டான்.
கைதட்டினார்கள், சிலர் அழுதார்கள்,
வண்டி போய்க்கொண்டே இருந்தது.

வண்டி கம்பெனியுடையது.
அங்கி என் கணக்கு.
இரவு, சாமான் பட்டியலைச் சரிபார்த்து
அந்த வரிக்கு வந்ததும்
மிச்சமிருந்த காபியை
அதன்மேல் ஊற்றினேன்.